கணப்பு மரம், தையல் பெட்டி பொத்தான், பைக் ஸ்பிரிங்... அப்பாவும் மகனும் செய்த அதிசய கிடார்!

உலகின் விலை உயர்ந்த கிடார்கள் எல்லாம் பெரிய தொழிற்சாலைகளில் பிறந்தவை. ஆனால், பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டை மாடி வரை ஏறிய ஒரு கிடார், லண்டன் புறநகரில் ஒரு சாதாரண வீட்டு அறையில் பிறந்தது. அதைச் செய்தவர்கள் ஒரு பள்ளி மாணவரும் அவருடைய அப்பாவும். மரம்? தூக்கி எறிய வைத்திருந்த பழைய கணப்பின் சட்டம். செலவு? மொத்தமாகவே சுமார் 8 பவுண்டு என்கிறார்கள்!

'குயின்' இசைக்குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மே வாசிக்கும் 'ரெட் ஸ்பெஷல்' கிடாரின் கதை இது. 'வீ வில் ராக் யூ', 'பொஹீமியன் ரப்ஸோடி' என்று உலகமே முணுமுணுக்கும் பாடல்களில் ஒலிப்பது இந்தக் கைவேலைக் கிடார்தான். மரம் வாங்கி, செதுக்கி, ஒரு எலெக்ட்ரிக் கிடாரை வீட்டிலேயே செய்ய முடியுமா என்று யோசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

கடையில் இருந்தது... கைக்கு எட்டவில்லை!

பிரையன் பிறந்தது 1947-ல். வளர்ந்தது மேற்கு லண்டனை ஒட்டிய ஃபெல்தம் பகுதியில். அப்பா ஹெரால்டு, விமானத்துறை அமைச்சகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் வேலை. வீட்டுக்கு வேண்டிய ரேடியோ, டி.வி போன்றவற்றைக்கூடத் தானே செய்துகொள்ளும் கைகாரர். யுகுலேலி-பாஞ்சோ வாசிப்பார், மகனுக்கு முதல் இசைப்பாடம் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். பிரையனின் ஏழாவது பிறந்தநாளுக்கு ஒரு சாதாரண மரக் கிடார் பரிசாக வந்தது.

வளர வளர பையனுக்கு எலெக்ட்ரிக் கிடார் மேல் ஆசை. அன்றைய இளைஞர்களின் கனவு, அமெரிக்காவின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். 1959 வரை அமெரிக்க இசைக்கருவிகள் பிரிட்டனுக்குள் வரவே தடை இருந்தது. தடை நீங்கிய பிறகும், மாதச் சம்பளத்தில் கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்தும் வீட்டுக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

அப்படியானால்? நாமே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள் இருவரும். 1963 ஆகஸ்டில் வேலை ஆரம்பம். பிரையனுக்கு அப்போது 16 வயது. வீட்டின் ஓர் அறையே பட்டறையானது. ரம்பம், உளி, உப்புத்தாள் என்று எல்லாமே கைக்கருவிகள். முடிக்க இரண்டு வருடங்கள் ஆயின.

கட்டை ஏன் 'கெட்டி'யாக இருக்க வேண்டும்?

சாதாரண கிடாரின் வயிறு காலியான பெட்டி. கம்பி அதிர, மேல் பலகை அதிர, உள்ளே இருக்கும் காற்று அதிர்ந்து சத்தம் பெரிதாகிறது. எலெக்ட்ரிக் கிடாருக்கு அந்த வேலை இல்லை. கம்பிகளுக்குக் கீழே 'பிக்கப்' என்ற சிறு கருவி இருக்கும். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த அதே தத்துவம்தான்.

முதலில் காலி வயிற்றுக் கிடாரிலேயே பிக்கப்பைப் பொருத்திப் பார்த்தார்கள். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கரின் அதிர்வில் கிடாரின் வயிறே நடுங்கி, அது மறுபடி பிக்கப்பில் புகுந்து, கல்யாண மண்டப மைக் 'கீ...' என்று அலறுவதுபோல அலறியது. அமெரிக்கக் கலைஞர் லெஸ் பால், 1940 வாக்கில் இதற்கு ஒரு வழி கண்டார். நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டை ஒன்றில் கம்பிகளைக் கட்டி, பிக்கப்பைப் பொருத்தினார். அதற்கு அவர் வைத்த பெயரே 'லாக்'. அதாவது, கட்டை! பார்ப்பதற்குக் கிடார்போலத் தெரிய வேண்டுமே என்று, வேறொரு கிடாரை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டவைத்தார்.

கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்திய லியோ ஃபெண்டர், இதையே தொழிலாக்கினார். 1950-ல் அவருடைய கெட்டிக் கட்டைக் கிடார் சந்தைக்கு வந்தது. 1951-ல் அதற்கு 'டெலிகாஸ்டர்' என்று பெயர் நிலைத்தது. 1954-ல் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' பிறந்தது. இத்தனைக்கும் ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது!

மரம் தேடும் படலம்

ஃபெல்தம் வீட்டுக்குத் திரும்புவோம். மரக்கடைக்குப் போய்ப் புது மரம் வாங்கவில்லை அப்பாவும் மகனும். கண்ணில் பட்ட பழைய சாமான்களையே பார்த்தார்கள்.

குடும்ப நண்பர் ஒருவர் வீட்டில் பழைய கணப்பை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சுற்றியிருந்த மஹோகனிச் சட்டம் நூறாண்டைத் தாண்டியது. குப்பைக்குப் போகவிருந்த அந்தக் கட்டைதான் கிடாரின் கழுத்து ஆனது.

இந்தத் தேர்வு தற்செயலாக அமைந்தாலும், மரவேலை தெரிந்தவர்கள் அதைப் பாராட்டுவார்கள். கிடாரின் கழுத்து நீளமானது, ஒல்லியானது. ஆறு கம்பிகளும் முறுக்கி நிற்கும்போது அதை இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. பகல், இரவு, மழை, வெயில் என்று அந்த இழுப்பு நிற்பதே இல்லை. ஈரம் காயாத மரமாக இருந்தால், சில மாதங்களிலேயே முறுக்கிக்கொள்ளும். பல தலைமுறை கணப்புச் சூட்டில் காய்ந்த மஹோகனி, இனி சுருங்கவோ நெளியவோ அவ்வளவு சுலபத்தில் இடம் தராது. தவிர, மஹோகனியின் இழை பெரும்பாலும் நேராக ஓடும். உளிக்கு வளைந்து கொடுக்கும்.

ஆனால், பழைய மரத்துக்கே உரிய ஒரு தொல்லையும் இருந்தது. புழு துளைத்த ஓட்டைகள்! அதற்காகக் கட்டையைத் தூக்கிப் போடவில்லை. தீக்குச்சிகளைச் செருகி ஒட்டி, தேய்த்துச் சமன் செய்தார்கள். அந்தத் தீக்குச்சிகள் இன்றும் கிடாருக்குள்தான் இருக்கின்றன.

உடம்புக்கு? பழைய மேஜை ஒன்றின் ஓக் மரம் நடுக்கட்டையானது. கம்பிகளின் இழுப்பைத் தாங்கும் இடம் அது. வைரம் பாய்ந்த ஓக் அதற்குச் சரியான மரம். அதைச் சுற்றியுள்ள பகுதிக்கு, நம் ஊர் அலமாரிக் கதவுகளுக்குப் போடுகிறோமே, அதே பிளாக்போர்டு. மேலும் கீழும் மஹோகனி வெனீர் ஒட்டி, ஒரே மரத்தில் கடைந்ததுபோலத் தோற்றம் கொடுத்தார்கள். ஓரத்தில் வெள்ளைக் கோடாக ஓடுவது, அலமாரித் தட்டுகளின் விளிம்புக்கு ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை!

இன்னொரு ரகசியமும் உண்டு. வெளியே கெட்டிக் கட்டையாகத் தெரியும் இந்தக் கிடாருக்குள் சில இடங்களில் காற்று அறைகள் குடையப்பட்டிருக்கின்றன. முழுக்கக் காலியாக இருந்தால் அலறும். முழுக்கக் கெட்டியாக இருந்தால் ஸ்பீக்கரின் அதிர்வுக்கு மசியாது. பிரையனுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே, ஸ்பீக்கர் முன் நின்றால் சுரம் நீண்டு, பாடுவதுபோல ஒலிக்க வேண்டும். ஆனால், கட்டுக்குள் இருக்க வேண்டும். மரத்தை எங்கே விடுவது, எங்கே குடைவது என்பதிலேயே அந்த ஒலியைத் திட்டமிட்டார்கள்.

அம்மாவின் தையல் பெட்டியும் அரை அங்குலக் கணக்கும்

மர வேலையைவிடக் கடினமானது, கழுத்தின் மேல் ஃப்ரெட் கம்பிகளைப் பதிப்பது. கண் அளவில் வைத்தால் சுருதி சேராது. ரெட் ஸ்பெஷலில் கம்பியின் நீளம் 24 அங்குலம். கணக்குப்படி முதல் ஃப்ரெட் சுமார் 1.35 அங்குலத்தில் வர வேண்டும். பன்னிரண்டாவது, சரியாகப் பாதியில், 12 அங்குலத்தில். இருபத்து நான்காவது, 18 அங்குலத்தில். மேலே போகப் போக இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஒரு நூல் தப்பினாலும் அந்தச் சுரம் எப்போதும் அபஸ்வரம்தான். 24 ஃப்ரெட்களையும் கையால் கணக்கிட்டு, அளந்து, அறுத்துப் பதிப்பது எவ்வளவு பொறுமையான வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஃப்ரெட்கள் பதியும் பலகையும் ஓக் மரம்தான். கருங்காலிபோலத் தெரிவதற்காகக் கறுப்புப் பூச்சு பூசினார்கள். விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் வெள்ளைப் புள்ளிகளுக்கு, அம்மா ரூத்தின் தையல் பெட்டி கைகொடுத்தது. அதிலிருந்த முத்துச்சிப்பி பொத்தான்களைத் தேய்த்துப் பதித்தார்கள். கழுத்து வளையாமல் இருக்க, உள்ளே ஓர் இரும்புக் கம்பி.

கம்பிகளின் சுருதியை ஒரே அசைவில் ஏற்றி இறக்கும் 'ட்ரெமலோ' பகுதிதான் உச்சம். பழைய கத்தியின் கூர்முனை மேல் முழு அமைப்பும் தராசு முள்போல ஊசலாடும். கம்பிகளின் இழுப்பைப் பின்னாலிருந்து சமன் செய்ய, 1928-ம் வருடத்துப் பேந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் இரண்டு. கையால் அழுத்தும் கோல், சைக்கிள் பையைத் தாங்கும் கம்பி. அதன் முனையில் மாட்டிய குமிழ், அம்மாவின் ஸ்வெட்டர் பின்னும் ஊசியிலிருந்து வெட்டியது!

வேடிக்கையாகத் தோன்றினாலும், இதில் இன்ஜினீயரிங் இருக்கிறது. ட்ரெமலோவை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், கம்பி பழைய சுருதிக்கே திரும்ப வேண்டும். எங்காவது உராய்வு இருந்தால் கம்பி அங்கேயே சிக்கிக்கொள்ளும்; சுருதி கலையும். அதனால்தான் கத்திமுனை, அதனால்தான் கம்பிகள் தொடும் இடத்தில் உருளும் சிறு உருளைகள். கடைக் கிடார்கள் பல அன்றைக்கு இந்த விஷயத்தில் திணறிக்கொண்டிருந்தன.

ஒரே ஒரு தோல்வி

எல்லாமே முதல் முயற்சியில் ஜெயித்துவிடவில்லை. பிக்கப்களையும் தானே செய்தார் பிரையன். காந்தங்கள் வாங்கி, செம்புக் கம்பி சுற்ற ஒரு சிறு இயந்திரத்தையும் உருவாக்கினார். ஒலி வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால், கம்பியை விரலால் பக்கவாட்டில் வளைத்து வாசித்தால் நடுவே விநோதச் சத்தம். காந்த முனைகள் அமைந்த விதம்தான் காரணம். கம்பி ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது ஒலி குலைந்தது.

இரண்டு வருட உழைப்பில் வீம்பு பார்க்கவில்லை. கடைக்குப் போய் பர்ன்ஸ் நிறுவனத்தின் 'ட்ரை-சோனிக்' பிக்கப்கள் மூன்றை வாங்கினார்கள். அதையும் அப்படியே மாட்டவில்லை. உள்ளே சுருள் நடுங்கி இரைச்சல் தரக் கூடாது என்று அரால்டைட் பசையை ஊற்றி இறுக்கினார்கள். ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு சுவிட்சுகள்: ஒன்று போடவும் அணைக்கவும்; இன்னொன்று அதன் ஒலி அலையைத் தலைகீழாக்க. ஆறு சுவிட்சுகளை மாற்றி மாற்றிப் போட்டால் புல்லாங்குழல் மென்மையிலிருந்து எக்காளம் வரை கிடைக்கும்.

மீட்டுவதற்கும் பிளாஸ்டிக் வில்லை வேண்டாம் என்று, ஆறு பென்ஸ் நாணயத்தைக் கையில் எடுத்தார் பிரையன். அதன் விளிம்பிலிருக்கும் வரிகள் கம்பியில் உரசுவது அவருடைய ஒலியின் தனி அடையாளமாகவே ஆகிவிட்டது.

மரத்தால் ஒலி மாறுமா?

கிடார் பிரியர்கள் மணிக்கணக்கில் சண்டை போடும் கேள்வி இது. பிக்கப் கேட்பது கம்பியின் அசைவை மட்டும்தானே, மரத்துக்கு அதில் என்ன வேலை என்பது ஒரு கட்சி. கம்பி கட்டப்பட்டிருப்பதே மரத்தில்தான். மரம் எந்த அதிர்வை உறிஞ்சுகிறதோ, அது கம்பியிலிருந்து சீக்கிரம் மறையும், அதனால் மாறும் என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், பிக்கப், கம்பி, ஆம்ப்ளிஃபையர், வாசிப்பவரின் விரல் ஆகியவை செய்யும் மாற்றத்தோடு ஒப்பிட்டால் மரத்தின் பங்கு சிறியது. பிளாக்போர்டும் மேஜை மரமும் சேர்ந்து உலகப் புகழ் பெற்ற ஒலியைத் தந்திருப்பதே இதற்குச் சாட்சி.

அதற்காக எந்த மரத்தையும் எடுத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. கிடாருக்கு மரம் தேர்ந்தெடுப்பவர்கள் பார்ப்பவை இவைதான்:

* காய்ச்சல்: எடை குறைய வேண்டும் என்பதற்காக அல்ல, செய்து முடித்த பிறகு நெளியாமல் இருப்பதற்காக. பச்சை மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.
* எடை: தோளில் இரண்டு மணி நேரம் தொங்கப்போவது. ஆல்டர், பாஸ்வுட், சதுப்பு நில ஆஷ் ஆகியவை உடம்புக்கு விரும்பப்படுவதற்கு இதுவும் காரணம்.
* இழை: கழுத்துக்கு நேர் இழையும் முடிச்சில்லாத துண்டும் தேவை. மேப்பிளும் மஹோகனியும் கழுத்து மரங்களில் முன்னணியில் இருப்பது இதனால்தான்.
* உறுதி: திருகாணி, பிரிட்ஜ் ஆகியவை பிடிக்கும் இடம் பொடியக் கூடாது.
* விரல்பலகை: கம்பியும் நகமும் தினம் தேய்க்கும் இடம். எண்ணெய்ப்பசை உள்ள கெட்டி மரம் வேண்டும்.

விரல்பலகை என்றதும் நம் மலைகள் நினைவுக்கு வரும். உலகமெங்கும் கிடார்களில் பதியும் 'இந்தியன் ரோஸ்வுட்', மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம்ம ஈட்டி மரம்தான். பிரேசில் நாட்டு ரோஸ்வுட் அருகிப்போய் அதன் வணிகத்துக்குத் தடை வந்த பிறகு, கிடார் தொழிற்சாலைகளின் பார்வை ஈட்டி பக்கம் திரும்பியது. 2017-ல் ரோஸ்வுட் இனங்கள் அனைத்தும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கிடாரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டும் இசைக்கலைஞர்கள்கூட யோசிக்க வேண்டியிருந்தது. 2019-ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது.

அமெரிக்காவிலோ, ஆஷ் மரங்களை ஆசியாவிலிருந்து போன ஒரு பச்சை வண்டு தின்று தீர்க்கிறது. ஆஷ் கட்டைகள் கிடைப்பது கடினமாகி, 2020-ல் ஃபெண்டர் நிறுவனமே அதன் பயன்பாட்டைக் குறைத்துக்கொண்டது. பழைய கதவு, பழைய மேஜை, இடித்த வீட்டின் உத்தரம் என்று தேடும் வழக்கம் கிடார் தச்சர்களிடம் இன்று பெருகுவதில் ஆச்சர்யம் இல்லை. ஃபெல்தம் வீட்டில் பணத்தட்டுப்பாட்டால் செய்ததை, இப்போது மரத்தட்டுப்பாடு செய்யவைக்கிறது.

அப்பாவுக்குப் பிடிக்காத பாதை

இந்தக் கதையின் வலி இனிமேல்தான் வருகிறது. மகனுக்காக இரண்டு வருடம் மரத்தூளில் உட்கார்ந்த அதே அப்பா, மகன் கிடாரையே வாழ்க்கையாக்கிக்கொண்டதை ஏற்கவில்லை.

பிரையன் படிப்பில் கெட்டி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் முடித்து, சூரியக் குடும்பத்தில் பரவியிருக்கும் தூசு பற்றி டாக்டர் பட்ட ஆய்வில் இருந்தார். 1970-ல் 'குயின்' பிறந்தது. ஜான்ஸிபாரில் பிறந்து, மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் பள்ளிப்படிப்பு படித்த பார்ஸி இளைஞர் ஃப்ரெடி மெர்க்குரி பாடகர். குழு வளர வளர, ஆய்வு பாதியில் நின்றது.

படிக்கவைக்க எவ்வளவோ விட்டுக்கொடுத்த குடும்பம் அது. கையில் வந்த டாக்டர் பட்டத்தை விட்டுவிட்டு பாப் பாட்டு வாசிக்கப் போவதா என்று மனம் நொந்துபோனார் ஹெரால்டு. அப்பாவுக்கும் மகனுக்கும் நெடுநாள் பேச்சுவார்த்தையே இல்லை. பொழுதுபோக்காகச் செய்து கொடுத்த பொருளே மகனைத் தன்னிடமிருந்து பிரித்துவிட்டதாக ஒரு தகப்பனுக்குத் தோன்றினால், அதைத் தவறென்று சொல்ல முடியுமா?

1970-களின் பிற்பகுதியில், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் குயின் கச்சேரி. அப்பா, அம்மாவை கன்கார்ட் விமானத்தில் அங்கே அழைத்தார் பிரையன். பனிமூட்டத்திலும் கன்கார்டைத் தரையிறக்கும் கருவிகளுக்காக வேலை செய்தவர் ஹெரால்டு. அதில் பயணம் போனதோ மகனின் கிடார் சம்பாத்தியத்தில்! அரங்கம் நிறைந்த கூட்டத்தின் நடுவே, தன் கையால் செதுக்கிய மரம் பேசுவதைக் கேட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் மகனின் கையைப் பிடித்து, இப்போது புரிகிறது என்ற அர்த்தத்தில் சொன்னார். பிரையன் பல பேட்டிகளில் நெகிழ்ந்து சொன்ன சம்பவம் இது.

ஹெரால்டு பின்னர் காலமானார். மகன் விட்ட படிப்பை முடித்ததை அவர் பார்க்கவில்லை. 2007-ல், அறுபது வயதில், அதே இம்பீரியல் கல்லூரியில், அதே தூசு ஆய்வை முடித்து டாக்டர் பட்டம் வாங்கினார் பிரையன்.

அறுபது தாண்டிய 'கிழவி'!

பிரையன் தன் கிடாரை அன்போடு 'ஓல்டு லேடி' என்பார். 1985-ல் வெம்ப்லி மைதானத்தின் 'லைவ் எய்ட்' மேடை, 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டை மாடி என்று அந்தக் கிழவி போகாத இடம் குறைவு. 1998 வாக்கில், ஆஸ்திரேலியக் கிடார் தச்சர் கிரெக் ஃப்ரையர் கைகளில் பெரிய பராமரிப்பு நடந்தது. தேய்ந்ததைச் சரிசெய்தார்கள், மேல்பூச்சைப் புதுப்பித்தார்கள். கணப்புக் கட்டைக் கழுத்துக்கு மாற்று தேட வேண்டிய அவசியம் வரவில்லை.

இதே மாதிரியில் நகல் கிடார்கள் கடைகளில் இன்று விற்பனைக்கு வருகின்றன. வீட்டிலேயே செய்து பார்ப்பவர்களும் ஏராளம். அவர்களுக்கு அளவுகள் கிடைக்கும், மரம் கிடைக்கும், பிக்கப்பும் கிடைக்கும். கூட உட்கார்ந்து, 'இந்த ஓட்டைக்கு ஒரு தீக்குச்சி போதும்' என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருந்தால், பாதி கிடார் தயார்!